கூதிர்க்காலச் சாலையும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)

    

ஆண்டுவிழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. செயலாளர் அவர்கள் எம்மைப் பேசப் பணித்தபோது, “எப்பொருள் பற்றிப் பேசுகிறீர்கள்?” என்று வினவினார்கள். “மழைக்காலத்தில் வண்டி ஓட்டப் பிள்ளைகளைப் பழக்குவது பற்றி” என்றோம். அவர்கள் சற்றே திகைத்தார்கள். யாம் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவர். முத்தமிழில் ஒன்றையேனும் முற்றக் கற்றோம் அல்லோம். ஆயினும் கற்றறிந்த பெருமக்கள் பேசாமல் விட்ட பொருள் ஒன்று நம் காலனியின் ஒவ்வொரு வாயிற்படியிலும் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு இரண்டு சக்கரமோ நான்கு சக்கரமோ உண்டு. அதன் சாவி நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அந்தச் சாவியை நம் பிள்ளை எந்நாளில் எவ்வாறு எடுக்கப் போகிறான் என்பதே இன்று எம் பேச்சு.

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. குளிர்நாட்டார் தம் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டக் கற்பிக்கும்போது, இலையுதிர்காலத்தைத் தனிப் பாடமாக வைப்பார்கள். அங்கே உதிர்ந்த இலையும் பனியும் விரைவில் வரும் இருளும் பகை. நமக்கு அப்பகையெல்லாம் கூதிரில் வந்து சேர்கிறது. மலையாள நண்பர்கள் இதனைத் துலாவர்ஷம் என்பார்கள். அவர்களுடைய துலாம் நம் ஐப்பசியே.

ஆனி, ஆடி மாதங்களில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை ஒளிவு மறைவு இல்லாதது. விடியும்போதே வானம் இருண்டிருக்கும். வண்டியை எடுப்பவன் மழைச்சட்டையோடு எடுப்பான். நெஞ்சில் எச்சரிக்கையும் தானே வரும். ஐப்பசி மழை அத்தகையதன்று. காலையில் நல்ல வெயில் காயும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேகம் திரண்டு, இடியும் மின்னலுமாக ஒரே கொட்டாகக் கொட்டும். அது பள்ளியும் கல்லூரியும் விடும் நேரம். காலையில் வெறுங்கையோடு புறப்பட்ட பிள்ளை, மாலையில் மழை பிடிப்பதற்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று விரைகிறான். விரையக் கூடாத நேரத்தில் விரையத் தூண்டுவது இப்பருவத்தின் இயல்பு. பல நாள் காய்ந்த சாலையில் எண்ணெய்ப் பசையும் புழுதியும் படிந்திருக்கும். முதல் தூறல் அவற்றைக் கழுவுவதில்லை, குழைக்கிறது. ஆதலால் பெருமழையின் நடுவேயினும் மழை தொடங்கிய முதற் சில நிமிடங்களிலேயே சாலை மிகுதியாக வழுக்கும்.

பாலக்காட்டிற்கென்று தனியே சில உண்டு. முதற்போக நெல் அறுவடை இப்பருவத்தை ஒட்டியே வருகிறது. அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வயலிலிருந்து ஏறும்போது, சக்கரத்தில் அப்பிய சேற்றைச் சாலையில் உதறிச் செல்கின்றன. சில இடங்களில் நெல்லும் வைக்கோலும் சாலையோரத்திலேயே காய்கின்றன. அவற்றின்மேல் ஒரு தூறல் விழுந்தால், அதைச் சாலை என்று அழைப்பது பெயரளவிற்குத்தான். கார்த்திகை பிறந்ததும் வாளையாற்றுக் கணவாய் வழியே கிழக்குக் காற்று புகுந்து வீசும். வடக்கு தெற்காகச் செல்லும் வெட்டவெளிச் சாலைகளில் அக்காற்று இருசக்கர வண்டியை விலாவில் கைவைத்துத் தள்ளும். லாரியின் மறைவில் சென்று, அதனைக் கடந்து வெளிப்படும் கணத்தில் அத்தள்ளலை நன்கு உணரலாம்.

இடுக்கி எல்லையை யாம் வேறு வகையில் அறிவோம். எம் பிறந்தகம் போடிநாயக்கனூர். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறினால், பூப்பாறை வழியாகத் தேவிகுளத்திற்கும் மூணாறுக்கும் செல்லலாம். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை என்று வழங்கப்படும் தேசிய நெடுஞ்சாலை அது. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஜீப்புகள் வரிசையாக மலை ஏறும். கூதிரிலும் முன்பனியிலும் அச்சாலையில் மூடுபனி திடீரென இறங்கும். வெயில் படாத வளைவுகளில் பாசி படர்ந்திருக்கும். மர நிழலில் இலைகள் உதிர்ந்து ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கும். மேற்கரையிலிருந்து மண்ணும் கல்லும் சரிந்திருக்கும். எம் தமக்கையின் கணவர் அம்மலையில் முப்பது ஆண்டுகளாக ஜீப் ஓட்டுபவர். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

அன்பர்களே! நம்மைச் சுற்றி நிகழ்ந்தவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 2022 அக்டோபர் 5 அன்று இரவு, வடக்கஞ்சேரிக்கு அருகே, பள்ளிப் பிள்ளைகள் உதகைக்குச் சுற்றுலா சென்ற பேருந்து, முன்னே சென்ற அரசுப் பேருந்தின் பின்புறத்தில் மோதியது. ஒன்பது உயிர்கள் போயின. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலையிலிருந்து தேனி மாவட்டத்திற்குத் திரும்பிய ஐயப்ப பக்தர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்தது. எட்டுப் பேர் வீடு திரும்பவில்லை. 2024 டிசம்பர் 2 அன்று இரவு, ஆலப்புழை களர்கோட்டில், மருத்துவக் கல்லூரி மாணவர் பதினொருவர் ஒரே காரில் திரைப்படம் பார்க்கச் சென்றனர். நல்ல மழை. கார் வழுக்கி எதிரே வந்த அரசுப் பேருந்தில் மோதியது. ஐவர் அன்றும் ஒருவர் பின்னரும் உயிர் நீத்தனர். ஓட்டியவர் உரிமம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அது நிகழ்ந்த பத்தாம் நாள், டிசம்பர் 12 அன்று, நம் பாலக்காட்டு மாவட்டத்தில் பனையம்பாடத்தில், தேர்வு எழுதிவிட்டு நடந்து சென்ற எட்டாம் வகுப்பு மாணவியர் நால்வர்மீது சிமெண்டு லாரி கவிழ்ந்தது. நால்வரும் மாண்டனர்.

இந்நான்கும் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடைப்பட்ட மூன்று மாதங்களில் நிகழ்ந்தவை. இவற்றின் காரணங்கள் வெவ்வேறு. யார்மீதும் குற்றம் சாட்ட யாம் இங்கு வரவில்லை. ஆனால், களர்கோட்டுச் செய்தியை நாளிதழில் படித்த அன்று எம்மால் அலுவலகத்தில் பேரேட்டைத் திறக்க இயலவில்லை. காரணம், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எம் வீட்டில் நிகழ்ந்தது. அதை இம்மேடையில் கூறுவது எமக்குப் பெருமை தருவதன்று. கூறாமல் விட்டால் இவ்வுரைக்குப் பொருளில்லை.

அப்போது எம் மூத்த மகனுக்கு வயது பதினாறு முடிந்து சில மாதங்கள். ஓர் ஐப்பசி மாலை. தனிப்பயிற்சி வகுப்பிற்கு நேரமாகிவிட்டது என்றான். யாம் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கி எழுந்த நேரம். அவனைக் கொண்டுபோய் விடச் சோம்பல். “ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போ. மெதுவாகப் போ. வண்டி வந்தால் பிரேக் பிடி” என்று கூறி, யாமே சாவியைக் கையில் கொடுத்தோம். அவனுக்கு உரிமம் இல்லை என்பது எமக்குத் தெரியும். ‘காலனியைச் சுற்றி ஓட்டுகிறவன்தானே, இரண்டு கிலோமீட்டர்தானே’ என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டோம்.

வயலோரச் சாலை ஒன்றில், டிராக்டர் உதறிய சேற்றின்மேல் தூறல் விழுந்திருந்தது. எதிரே ஓர் ஆட்டோ. பிள்ளை யாம் கூறியபடியே பிரேக் பிடித்தான். வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. ஆட்டோக்காரர் தம் வண்டியை வயலில் இறக்கி அவன் உயிரைக் காத்தார். பின்பு அவரே மருத்துவமனையில் கொண்டு சேர்த்தார். வலக்காலில் இரண்டு இடங்களில் எலும்பு முறிந்திருந்தது. அவ்வாண்டுத் தீபாவளி எமக்கு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கழிந்தது.

எம் இல்லத்தார் எம்மை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. பிள்ளை பேசினான். மூன்றாம் நாள் இரவு, “அப்பா, நீங்கள் சொன்னபடிதானே பிரேக் பிடித்தேன். ஈரத்தில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே” என்றான். அவன் குற்றம் சாட்டவில்லை. கணக்கு ஒன்று ஏன் தவறிற்று என்று கேட்கும் மாணவனைப் போலக் கேட்டான். அக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. எமக்கும் எவரும் சொல்லித் தந்ததில்லை.

முதலில் சட்டத்தைக் கூறிவிடுவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறையாதவர் மோட்டார் வண்டி ஓட்டலாகாது. பதினாறு நிறைந்தவர்க்கு அனுமதிக்கப்படுவது 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டி மட்டுமே. நம் வாயிலில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் 100க்கு மேற்பட்டவை. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்கப்படும். அச்சிறுவனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. சாவி கொடுத்த கைக்குத்தான் சட்டம் விலங்கு பூட்டுகிறது; அது நியாயமே.

ஆனால், பதினெட்டு நிறைந்த மறுநாளே பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிடுமா? பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாள் கழிந்தால் தேர்வுக்குச் செல்லலாம். கேரளத்தில் கார் ஓட்டுபவர் ‘எச்’ வடிவிலும், இருசக்கரம் ஓட்டுபவர் ‘எட்டு’ வடிவிலும் மைதானத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும்; சாலையிலும் சிறிது தொலைவு ஓட்டிக் காட்ட வேண்டும். இவை வேண்டியவையே. எனினும் சித்திரையில் தேர்வு பெற்றவன் ஐப்பசியை அறியமாட்டான்.

இவ்விடத்தில்தான் எம் அலுவலகம் எமக்கு ஆசானாயிற்று. யாம் பணிபுரியும் மேசை, ரயில் ஓட்டுநர்கள் பணியேற்கும் அறையை ஒட்டியது. அவர்கள் வந்ததும் மூச்சுச் சோதனை செய்துகொள்வார்கள். வழியில் எங்கெங்கு வேகம் குறைக்க வேண்டும் என்னும் எச்சரிக்கைத் தாளைப் பெறுவார்கள். அதன் பின்னரே வண்டிக்குச் செல்வார்கள். எத்துணைத் தேர்ந்த ஓட்டுநராயினும், தாம் இதுவரை செல்லாத பாதையில் தனியே வண்டியை எடுத்துச் செல்ல முடியாது. அப்பாதையை அறிந்தவரோடு இரவிலும் பகலிலும் சென்று, எங்கே வளைவு, எங்கே ஏற்றம், எங்கே சிக்னல் என்று கற்க வேண்டும். ‘இப்பாதையை அறிந்தேன்’ என்று கையெழுத்திட்ட பிறகே வண்டி அவர் கையில் வரும். நெடுநாள் அப்பாதையில் செல்லாதிருந்தால் மீண்டும் கற்க வேண்டும். இதற்குப் ‘பாதை கற்றல்’ என்று பெயர். இருபது ஆண்டுகளாக அத்தாள்களைக் கோப்பில் இட்டு வந்தோம். இரும்புத் தண்டவாளத்தின்மேல் செல்லும் வண்டிக்கே இத்துணை முறை இருக்க, எப்பக்கமும் திரும்பக்கூடிய வண்டியை ஒரு சொல்லோடு பிள்ளையிடம் கொடுத்தோமே என்று அப்போதுதான் உறைத்தது.

ஆதலால், மகனுக்குக் கால் குணமாகி, பதினெட்டு நிறைந்து, பழகுநர் உரிமம் வந்த பின்னர், அவனுக்குப் பாதை கற்பிக்கத் தொடங்கினோம். முதலில் பயிற்சிப் பள்ளியில் முறையாகக் கற்றான். அதன்மேல் ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் யாம் அருகில் அமர்ந்தோம். அப்பாடங்களைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதற் பாடம், வண்டியைத் தொடுமுன் பார்ப்பது. டயரின் பள்ளம் காருக்கு 1.6 மில்லிமீட்டருக்கும், இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டருக்கும் குறையலாகாது என்பது விதி. அப்பள்ளம் அழகிற்காக வெட்டப்பட்டதன்று; சாலையிலுள்ள நீர் வெளியேறும் வாய்க்கால் அது. வாய்க்கால் தூர்ந்தால் டயர் நீரின்மேல் மிதக்கும். அடுத்து, கண்ணாடி துடைப்பான், முன் விளக்கு, பின் விளக்கு. இவற்றை மழை தொடங்கிய பின்னர்ப் பார்ப்பது, பசி வந்த பின்னர் நெல் விதைப்பதை ஒக்கும்.

இரண்டாம் பாடம், தொலைவு. இதை எம் தொழிலின் அளவுகோலாலேயே கற்பித்தோம். ஒரு ரயில் பெட்டியின் நீளம் ஏறக்குறைய 23 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் ஒரு பெட்டி நீளம் கடந்துவிடும். அதன் பின் பிரேக் பிடித்தால், உலர்ந்த சாலையில் மேலும் ஒரு பெட்டி நீளத்தில் நிற்கும். ஈரச் சாலையிலோ மொத்தம் இரண்டரைப் பெட்டிக்கு மேல் ஓடித்தான் நிற்கும். 80 கிலோமீட்டர் வேகமாயின் நான்கு பெட்டிகளுக்கு மேல். 40 ஆயின் ஒன்றரைப் பெட்டியில் அடங்கிவிடும். ஒரு ஞாயிறன்று நடைமேடைக்கு அவனை அழைத்துச் சென்று, நின்ற வண்டியின் நான்கு பெட்டிகளை நடந்து கடக்கச் செய்தோம். கடந்து முடித்ததும், “இவ்வளவு தூரமா?” என்றான். ஆயிரம் அறிவுரையினும் அந்நடை பயன் தந்தது.

மூன்றாம் பாடம், ஈரத்தில் பிரேக் பிடிப்பது. பிள்ளையை மழையில் வெளியே விடாமல் காப்பது அன்பன்று. மழையைக் கற்பிக்காமல் விடுவதாகும். அனுமதி பெற்ற வெற்றிடம் ஒன்றில், முதலில் உலர்ந்த தரையில், பின்னர்த் தூறலில், மிகக் குறைந்த வேகத்தில் பழக்கினோம். இருசக்கர வண்டியில் முன் பிரேக்கை மட்டும் வெடுக்கெனப் பிடிக்கலாகாது. இரண்டையும் ஒருங்கே, மெல்லத் தொடங்கி, படிப்படியாக அழுத்த வேண்டும். வளைவிற்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவினுள் பிரேக்கைத் தேடக் கூடாது. சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும், ரயில்வே கேட்டிலுள்ள தண்டவாளமும் நனைந்தால் கண்ணாடி போல் வழுக்கும். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். கார் நீரின்மேல் மிதந்தால் ஸ்டீயரிங் கையில் பாரமின்றி இலேசாகும். அந்நேரத்தில் பிரேக்கை மிதிப்பதும் ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் கேடு. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து, நேராகப் பிடித்திருந்தால் டயர் மீண்டும் தரையைத் தொடும். ஓடும் நீர் சாலையைக் கடந்தால், அதன் ஆழம் தெரியாதவரை வண்டியை இறக்கவே கூடாது.

நான்காம் பாடம் மலை. அதைக் கற்பிக்க எமக்குத் தகுதியில்லை. உரிமம் வந்த பின்னர் மகனைப் போடிக்கு அழைத்துச் சென்று அத்தானிடம் ஒப்படைத்தோம். அவர் சிரித்துக்கொண்டு, “மாப்பிள்ளை, உங்கள் மகனுக்கு முதலில் இறங்கச் சொல்லித் தருகிறேன். ஏறுவதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்” என்றார். முதல் நாள் பிள்ளையை ஓட்டவே விடவில்லை. ஜீப்பில் தம் அருகே அமர்த்தி, ஒவ்வொரு வளைவிலும் தாம் செய்வதை வாய்விட்டுக் கூறிவந்தார். “மருமகனே, எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். கியரை விட்டுவிட்டுப் பிரேக்கை நம்பி இறங்கினால், பிரேக் சூடேறிக் கைவிடும்” என்றார். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதியும் ஆகும், மரியாதையும் ஆகும். வளைவில் ஒலி எழுப்பித் தன் பக்கத்திலேயே திரும்ப வேண்டும், குறுக்கே வெட்டலாகாது. மூடுபனியில் முன் விளக்கைத் தாழ்த்தியே வைக்க வேண்டும். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டு நம் கண்ணிலேயே திரும்பி விழும். நான்கு பக்க விளக்குகளும் மினுக்குவது நின்ற வண்டிக்கு அடையாளம். ஓடும் வண்டியில் அதைப் போட்டால் பின்னால் வருபவர்க்கு நாம் திரும்புவது தெரியாது. வழி தெரியவில்லையெனில் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நிற்பதே வழி. “மலை எங்கேயும் போய்விடாது. நாளைக்கும் இங்கேதான் இருக்கும்” என்பது அவர் வாக்கு.

ஐந்தாம் பாடம், உடன் வருபவர். இளையோர் தனியே செல்லும்போது உள்ள நிதானம் நண்பர் கூட்டத்தோடு செல்லும்போது இருப்பதில்லை. “புதிதாக உரிமம் பெற்ற ஓராண்டு வரை இருவருக்கு மேல் ஏற்றாதே. ஒருவனேனும் ‘இன்னும் வேகமாக’ என்றால் வண்டியை நிறுத்திவிடு” என்று கூறினோம். அதைவிட அரிது, பிறர் ஓட்டும் வண்டியில் ‘யான் இறங்கிக்கொள்கிறேன்’ என்று கூறும் துணிவு. “நள்ளிரவானாலும் கூப்பிடு, வந்து அழைத்துச் செல்வோம்; அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம்” என்று வாக்களித்தோம். இவ்வாக்கை ஒவ்வொரு பெற்றோரும் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் காக்கவும் வேண்டும். ஸ்கூட்டரின் பின்னே அமர்ந்து குடை பிடிப்பதைத் தாய்மார்கள் கைவிட வேண்டும். அக்குடையில் காற்று புகுந்தால் அது பாய்மரமாகி வண்டியையே இழுத்துக் கவிழ்க்கும்.

பெற்றோர்களே! நாம் கூறுவதைப் பிள்ளைகள் கேட்கிறார்களோ இல்லையோ, நாம் செய்வதைப் பார்க்கிறார்கள். யாம் அருகில் அமர்ந்து பாடம் நடத்திய நாட்களில் ஒருமுறை, கடைவீதியிலிருந்து யாமே ஓட்டி வந்தோம். கைப்பேசி ஒலித்தது. எடுத்து, “ஓட்டிக்கொண்டிருக்கிறோம்” என்று கூறி வைத்தோம். மகன், “அப்பா, பாதை கற்றல் உங்களுக்கும் உண்டா?” என்றான். முகம் சுருங்கிற்று; ஆயினும் அவன் கேட்டது சரி. அன்று முதல் வண்டியில் ஏறியதும் எம் கைப்பேசியைப் பின் இருக்கையில் இடுகிறோம். பால் வாங்கத் தலைக்கவசமின்றிச் செல்லும் தந்தை, மகனுக்குத் தலைக்கவசம் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. தீபாவளிக்கு ஊர் செல்லும் ஆவல் நமக்கு மிகுதி. மாலையில் அலுவலகம் முடிந்து, இரவெல்லாம் ஓட்டி, விடியலில் எண்ணெய்க் குளியலுக்கு ஊர் சேர வேண்டும் என்று கிளம்புகிறோம். ஐப்பசி மழை, இருள், தூக்கம், எதிரே கண்ணைக் கூசும் விளக்கு ஆகிய நான்கையும் ஒருங்கே பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். கார்த்திகையில் சபரிமலை வண்டிகளும் சேர்ந்துகொள்கின்றன. தொலைவிலிருந்து உறக்கமின்றி ஓட்டி வருபவர் பலர். ஊர் ஒரு நாள் தாமதமாகக் கிடைத்தாலும் ஊர்தான்.

நங்கையர்க்கும் ஒரு சொல். மகனுக்கு ஓட்டக் கற்பித்துவிட்டு, மகளைப் பின்னிருக்கையிலேயே வைத்திருப்பது முறையன்று. நாளை வேலைக்குச் செல்லும் மகள் எவருடைய தயவையும் எதிர்பாராமல், மழையிலும் மலையிலும் நிதானமாக ஓட்டத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். எம் இளைய மகளுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் ஓராண்டு உண்டு. அவள் இப்போதே அருகில் அமர்ந்து, வளைவுகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறாள்.

நம் சங்கத்தின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆண்டுதோறும் புரட்டாசியின் கடைசி ஞாயிறன்று, காலனியிலுள்ள வண்டிகளின் டயர், விளக்கு, பிரேக் ஆகியவற்றை ஒருவர்க்கொருவர் பார்த்துக்கொள்ள ஒரு காலைப் பொழுதை ஒதுக்குவோம். பதினெட்டு நிறைந்து உரிமம் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும், முதற் கூதிர்க்காலம் முடியும் வரை அனுபவமுள்ள ஒருவர் அருகில் அமர்வது என்று உறுதி கொள்வோம். இதற்குப் பணம் வேண்டா. ஞாயிற்றுக்கிழமைக் காலை உறக்கத்தில் ஒரு மணி நேரம் போதும்.

நிறைவாக ஒன்று. சென்ற கார்த்திகையில் கோவையில் ஒரு திருமணத்திற்குச் சென்று திரும்பினோம். மகன் ஓட்டினான். வாளையாறு தாண்டியதும் வானம் இருண்டு, இடியோடு மழை கொட்டிற்று. துடைப்பான் எவ்வளவு விரைந்து ஆடியும் முன்னே செல்லும் லாரியின் பின் விளக்கு தெரியவில்லை. யாம் வாய் திறக்கவில்லை. வாயைத் திறக்காதிருக்க மிகவும் முயன்றோம். அவன் மெல்ல வேகம் குறைத்து, இடப்புறம் சைகை காட்டி, சாலையை விட்டு நன்கு உள்ளே தள்ளியிருந்த தேநீர்க் கடையின் முற்றத்தில் வண்டியை நிறுத்தினான். “அப்பா, அரை மணி நேரம் ஆகட்டும். மழை முதலில் போகட்டும்; நாம் பிறகு போவோம்” என்றான். எம் இல்லத்தார் எம்மைப் பார்த்தார்கள். ஐந்து தேநீர் வாங்கிக் குடித்தோம். அன்று வீடு வந்து சேர இரவு மணி பத்தாயிற்று. எல்லோரும் வந்து சேர்ந்தோம்.

மழை நிற்கும் வரை காத்திருக்கத் தெரிந்த பிள்ளையே ஓட்டத் தெரிந்த பிள்ளை. அத்தகைய பிள்ளைகள் நம் காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் வளர்வார்களாக! 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!